பாலைப்பழக் காலம்

சோளகம் வீசத் தொடங்கினால் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் அடுப்படியை விட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். வைகாசி பிறந்து, வற்றாப்பளை அம்மாளின் பொங்கலுக்கு வண்டில் கட்டுகிற நாள்களில்தான் காட்டில் பாலை பழுக்கும். வேப்பம்பழம் அளவில், மஞ்சள் மஞ்சளாய், கொப்புக் கொள்ளாமல் தொங்கும். ஒரு கை அள்ளி வாயில் போட்டால் தேன். இரண்டாம் கைக்கு மேலுதடும் கீழுதடும் ஒட்டத் தொடங்கும். அந்தப் பால் தண்ணீரில் போகாது. குளத்தில் முழுகி எழும்பினாலும் போகாது. அம்மம்மா பெருவிரலில் எண்ணெய் தொட்டு, வரிசையில் நிற்கிற எங்கள் வாய்களை ஒவ்வொன்றாய்த் துடைத்துவிடுவா. யாருடைய வாய் கனக்க ஒட்டியிருக்கிறதோ அவன் மற்றவர்களின் பங்கையும் தின்றவன். வேறு சாட்சி தேவைப்படாது.

நீங்களும் அந்தப் பக்கத்து ஆள் என்றால், இதை வாசிக்கும்போதே நாக்கால் உதட்டை ஒருக்கால் தடவிப் பார்த்திருப்பீர்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கமாய் உள்ளே இறங்குகிற மண்பாதையில் எங்கள் ஊர். இருபது, இருபத்தைந்து வீடுகள் இருந்திருக்கும். வளவு முடிய வயல். வயலுக்கு மேலே குளக்கட்டு. கட்டுக்கு அங்கால் தண்ணீர், தண்ணீர் ஏறி இறங்குகிற அலைகரை, அதற்கும் அங்கால் காடு. காடு எங்கே போய் முடிகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நெடுங்கேணி மட்டும் போகும் என்பார் ஒருவர், தண்ணிமுறிப்புக்கு அங்காலும் இருக்கு என்பார் இன்னொருவர். மாங்குளத்து றோட்டில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அது இரண்டு பக்கமும் ஓடுகிற பச்சைச் சுவர். எங்களுக்கு அதில் வாசல் இருந்தது.

வண்டில்பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பழைய வீரை நின்றது. அதன் அடியில் சூலமில்லை, விளக்கில்லை. காய்ந்த குழைகள் மட்டும் ஒரு குவியலாய்க் கிடக்கும். அதுதான் எங்கள் ஐயன் கோயில். காட்டுக்குப் போகிறவர் யாராயிருந்தாலும், தேனுக்கோ தடிக்கோ தொலைந்த மாட்டுக்கோ, பக்கத்துப் பற்றையில் ஒரு குழையை முறித்து அங்கே போட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். "ஐயனே, போட்டு வாறம்" என்பதற்கு மேல் மந்திரம் கிடையாது. வருகிறபோது ஏன் குழை போடுவதில்லை என்று அப்புவிடம் ஒருக்கால் கேட்டேன். "வந்தது அவருக்குத் தெரியும்தானே" என்றார். அந்த இடத்தைத் தாண்டினால் ஆனையை ஆனை என்று சொல்லக்கூடாது, 'பெரியவர்' என்றுதான் சொல்லவேண்டும். கரடி என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

அடியில் கறையான் அரிக்க, மேலே புதுக்குழை விழ, அந்தக் குவியல் நான் கண்ட காலம் முழுக்க ஒரே உயரத்தில்தான் இருந்தது. அப்பு அதைப் பார்த்தே யார் யார் உள்ளே போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். வாடாத குழை என்றால் இன்று காலை. சுருண்டிருந்தால் நேற்று. பரியாரியார் கூடியவரை வேப்பங்குழைதான் போடுவார். தேன் எடுக்கிற கிழவர் கைக்கு எட்டினதை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடாப்புக் கூப்பிடுவாரே, அதுபோல எங்கள் காட்டுக்கு அதுதான் இடாப்பு. பொழுதுபட்டும் ஓர் ஆள் திரும்பவில்லையென்றால் லாம்போடும் தகரத்தோடும் ஊர் முழுக்கப் போகும். ஒருமுறை அப்படிப் போய், பாம்பு கடித்துக் கிடந்த ஒருவரைத் தோளில் சுமந்துவந்தார்கள். பரியாரியார் விடியவிடிய அவரை நித்திரை கொள்ளவிடாமல் கதைகொடுத்துக் கொண்டிருந்தார். பிழைத்துக்கொண்டார். அடுத்த கிழமை அவர் போட்ட குழை ஒரு கொப்பு அளவில் இருந்தது.

வெளியாருக்கு அது ஆளில்லாக் காடு. உள்ளே எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. வீடு கட்டுகிறவன் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் முதிரையில் கப்பு வெட்டுவான். வரிச்சுக்குத் துவரந்தடி, கட்டுக்கு ஆத்திநார், வேலிக்கு அலம்பல். விறகுக்குப் பச்சைமரத்தில் கத்தி வைப்பவன் சோம்பேறி என்று பெயரெடுப்பான். விழுந்து கிடப்பதே எரித்து முடியாது. பாலை தண்ணீரில் போட்டால் தாழ்கிற மரம், இரும்புக்கு ஒப்பு. ஆனாலும் காய்க்கிற பாலையில் கோடரி படாது. பழத்துக்கு ஏறினால் கொப்பை முறிக்கக்கூடாது. கீழே பன்பாயையோ பழைய சீலையையோ விரித்துவிட்டு உலுப்பவேண்டும். உச்சிக்கொப்பு குருவிக்கு. பாயைத் தாண்டி உருண்டது, பெயர் சொல்லக்கூடாத அந்தக் கறுப்பருக்கு. மிச்சம்தான் எங்களுடைய பெட்டிக்கு. அலைகரை மரங்களை எவரும் தொடமாட்டார்கள். தொட்டால் மண் கரைந்து குளம் தூர்ந்துபோகும், அடுத்த மாரிக்கு வயலுக்கு வாய்க்கால் வராது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இவற்றையெல்லாம் யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

எழுதியது ஒன்று உண்டென்றால் அது வட்டை விதானையாரின் கொப்பியில். புரட்டாசியில் காலபோகக் கூட்டம் குளக்கட்டில் கூடும். மழைக்கு முன் யார் யார் எத்தனை பாகம் புறவேலி அடைப்பது, வாய்க்காலில் எந்தத் துண்டு யாருடைய பங்கு, எந்தத் திகதிக்குள் மாடெல்லாம் வயல்வெளியை விட்டுப் போகவேண்டும் என்று ஒவ்வொன்றாய் வாசிப்பார். அவருடைய குரல் ஆட்காட்டிக் குருவியின் குரல். வாசிக்கத் தொடங்கினால் குளத்து நீர்க்காகங்கள் எழும்பிப் பறக்கும். திகதி வந்ததும் பட்டிகள் காட்டுக்குப் போகும். யாருடைய மாடு என்பது தொடையில் சுட்ட குறியில் இருக்கும், எங்கே நிற்கிறது என்பது கழுத்தில் கட்டிய மரமணியில் இருக்கும். காட்டுக்குள் எத்தனையோ கட்டை தூரத்தில் 'கொடக்... கொடக்...' என்று கேட்டால், "அது எங்கட சிவலை" என்று அம்மம்மா அடுப்படியிலிருந்தே சொல்லுவா. சில மாடுகள் திரும்பாது. குழுமாடுகளோடு சேர்ந்து குழுவனாகிவிடும். அதை மடக்கிப் பிடிக்க வார்க்கயிற்றோடு வருகிற பணிக்கர்மாரைப் பற்றி அப்பு சொன்ன கதைகளைக் கேட்டால், அவர் தானே கொம்பைப் பிடித்து இழுத்தவர் போல இருக்கும். இழுத்தது வேறு யாரோ.

ஒட்டுசுட்டான் என்ற பெயரிலேயே ஒரு சேனைப்புகை உண்டு. குரக்கன் வெட்டிய ஒட்டை ஒருவன் சுட்டான், அந்த நெருப்புக்குள் கிடந்த கல் வேகாமல் நின்றது, மண்வெட்டி பட்டு உதிரம் கசிந்தது, தான்தோன்றீஸ்வரர் வந்தார் என்பது கதை. அதனால் அந்தக் காட்டுக்கு வேகாவனம் என்றும் பெயர். ஆனியில், ஆடியில் பற்றை வெட்டிப் போடுவார்கள். ஆவணி வெயிலில் அது காய்ந்து சலசலக்கும். கொளுத்துகிற பின்னேரத்தில் ஊரே வாளியும் பச்சைக்கொப்புமாய் எல்லையில் நிற்கும், நெருப்பு அங்கால் போகாதபடி. இரண்டு மூன்று மாரி குரக்கன், சோளம், எள்ளு, பயறு. பிறகு அந்தத் துண்டை விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். முதல் வருடம் புல், அடுத்து சூரைமுள், பிறகு பறவை போட்ட விதையில் பாலைக்கன்று. "காடு தன்ர சாமானைத் திருப்பி எடுக்குது" என்பார் அப்பு, கடன் கொடுத்தவனைக் கண்டவர் போல.

முதல் மழை விழுந்த சாம்பலின் மணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நான் பிறகு எத்தனையோ ஊர்களில் மழையில் நனைந்துவிட்டேன். எந்த மண்ணிலும் அந்த மணம் இல்லை. அதில் கொஞ்சம் கரி, கொஞ்சம் ஈரக்கல், எங்கேயோ வெடித்த கெக்கரிப்பழத்தின் புளிப்பு.

சேனைக்காவல் இரவுகள்தான் நான் படித்த முதல் பள்ளிக்கூடம். பரணில் ஏறிப் படுத்தால் கீழே தறைக்கட்டை புகையும். பேராந்தை ஒருக்கால் கத்தும். மரை ஒன்று 'டொங்' என்று வெருண்டு கூப்பிடும். அதன் பிறகு வருகிற அமைதியில் தடி முறிகிற சத்தம் கேட்டால் பெரியவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். அப்பு தகரத்தைத் தட்டமாட்டார். முதலில் கதைத்துப் பார்ப்பார். "ஐயா, இது பிள்ளையளின்ர சாப்பாடு. குளத்தடியில உமக்குக் கிடக்கு, அங்கால போம்." பத்தில் ஆறு தரம் போய்விடும். மற்ற நாலு தரமும் நாங்கள் விடிய எழும்பி, மிதிபட்ட பூசணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்பு அதற்கும் கோபித்துக்கொள்ளமாட்டார். மரவள்ளிக்கிழங்கை நெருப்பில் போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிப்பார்.

தேன் எடுக்கிற கிழவரைச் சொல்லாமல் போகமுடியாது. காதில் பொத்தல், கையில் புகைப்பந்தம், இடுப்பில் சின்ன வாள். பொந்தைக் கண்டால் முதலில் காதை வைத்துக் கேட்பார், நிறைந்திருக்கிறதா என்று. எடுத்தாலும் ஒரு ராட்டை விட்டுவிட்டு, வெட்டின வாயைக் களிமண்ணால் அடைத்துவிட்டு வருவார். அடுத்த வருடமும் அதே மரம். யாராவது முந்திக்கொண்டு வழித்தெடுத்திருந்தால், ஏசமாட்டார். அந்த ஆளின் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்று வெறும் ராட்டைக் காட்டிவிட்டுப் போவார். அவமானத்தில் அந்த வீட்டுக்காரி இரண்டு நாள் கிணற்றடிக்கு வரமாட்டா.

பரியாரியார் இன்னொரு விதம். பட்டை உரிக்கப் போகிற மரத்துக்கு முதல்நாளே போய்ச் சொல்லிவிட்டு வருவார். சுற்றி உரிக்கமாட்டார், சூரியன் படாத பக்கத்தில் கையகலம் மட்டும். முரலிப்பழ நாளில் எங்களுக்காக மடி நிறையக் கொண்டுவருவார். அவருக்குப் பிள்ளையில்லை. கற்றுக்கொள்ள வந்த மருமகன் கனடாவுக்குப் போய்விட்டான்.

இந்தக் காடு எங்களுடையதில்லை என்பதை நான் புத்தகத்தில்தான் படித்தேன். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் வேறுவிதமாய் நிரூபிக்கும்வரை முடிக்குரியவை என்று சொல்லிவிட்டதாம். 1803 இல் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தவர்கள், நாற்பது வருடத்துக்குள் ஒரு கடதாசியால் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற வெள்ளைக்காரத் துரை வன்னியின் ஊரையும் குளத்தையும் வழக்கத்தையும் ஒரு தடித்த புத்தகமாய் எழுதிவைத்தார். 1907 ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்தில் கிராமக் காடு என்று ஒரு வகைக்கும் இடமிருந்தது. இதையெல்லாம் வாசித்துவிட்டு வந்து, ஏதோ பெரிய செய்தி கொண்டுவந்தவன் போல அப்புவுக்குச் சொன்னேன். அவர் சுருட்டைத் திருப்பிப் பிடித்தார். "அரசாங்கக் காடெண்டு எங்களுக்கும் தெரியும். அதுக்கு அரசாங்கம் எப்ப குழை போட்டது?"

பங்கு கேட்டு வந்தவர்களுக்கு அந்தக் காடு இல்லையென்று சொன்னதை நான் காணவில்லை. முத்தையன்கட்டில் படித்த வாலிபர் திட்டம் வந்தபோது யாழ்ப்பாணத்துப் பெடியள் களிசானோடு வந்து இறங்கினார்கள். 70க்குப் பிறகு மிளகாய் இறக்குமதியை நிறுத்தியதும் அவர்களின் தோட்டங்களில் செத்தல் காய்ந்த சிவப்பைக் காட்டு ஓரமெல்லாம் காணலாம். 77 கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டுச் சனம் பெட்டியும் பிள்ளையுமாய் வந்தது. அவர்களுக்கு எங்கள் ஊர்க் கிழவர்கள் காட்டியது நிலத்தை மட்டுமல்ல. எது கப்புக்கு, எது நாருக்கு, எந்தக் கொடியின் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தக் கிழங்கை மூன்றுதரம் அவித்து ஊற்றவேண்டும் என்பதையும்தான். ஒரு தேயிலைத்தோட்டத்து ஆச்சி முதல்நாள் காட்டுக்குப் போகும்போது, யாரும் சொல்லாமலே ஒரு குழையை முறித்துப் போட்டதைப் பார்த்து அப்பு வாயடைத்துப்போனார். "எங்க பக்கமும் இப்படித்தாங்க" என்றாவாம் அந்த ஆச்சி.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வந்தபோது ஊரில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. தண்ணிமுறிப்புக் கதை என்று கேள்விப்பட்டதும் வாசிக்கத் தெரியாதவர்களும் தூக்கிப் பார்த்தார்கள். மண்ணில் வளை தோண்டி, அதிகம் உயரப் பறக்காமல் வாழ்கிற குருவியின் பெயரை ஒரு புத்தகத்துக்கு வைத்ததே எங்களுக்குப் பெருமை. அந்தத் தண்ணிமுறிப்பிலிருந்து 1984 இன் கடைசியில் சனம் கிளம்பிவிட்டது. ஒதியமலையில் நடந்த படுகொலையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

பிறகு நடந்தவற்றில் காட்டுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். 1995 இன் மாரியில் யாழ்ப்பாணம் முழுக்க எங்கள் பக்கம் வந்து இறங்கியது. ஒவ்வொரு குடிலுக்கும் கப்பு வேண்டும், தடி வேண்டும். யாரைத் தடுப்பது? அந்த ஒரு வருடத்தில்தான் காட்டின் ஓரம் பின்வாங்கிப் போவதை முதன்முதலாய்க் கண்ணால் கண்டேன். பிறகு பதுங்குகுழிக்கு மரம் போனது. 97 வைகாசியில், பாலை பழுக்கிற நேரம் பார்த்து, இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. கண்டிவீதியின் இரண்டு பக்கமும் பார்வைக்காகக் காட்டை வழித்தார்கள். புலிகள் இயக்கத்தின் வனவளப் பிரிவு வெட்ட அனுமதி எழுதித் தந்தது, தேக்குக் கன்றுகள் நட்டது. வரிசை வரிசையாய் நின்ற அந்தத் தேக்கங்காட்டுக்குள் அப்பு ஒருநாள் நடந்துவிட்டு வந்து, "பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி நிக்குது, ஒண்டும் கதைக்குதில்லை" என்றார். அதுவே அவர் காட்டைப் பற்றிச் சொன்ன கடைசிக் கதை. 2009 இல் நாங்கள் போன வழியில், எங்கே எதை விட்டோம் என்று எண்ணமுடியாமல், அவரையும் விட்டோம். அடுத்த மாரியை நாங்கள் செட்டிக்குளத்தில், காடு வழித்த வெறுந்தரையில் அடித்த கூடாரத்துக்குள் இருந்து பார்த்தோம். அங்கே மழை விழுந்தால் சேறு மணத்தது.

திரும்பிப் போனபோது குளக்கட்டு இருந்தது. வீட்டின் கிணறும், கிணற்றடிக் கமுகில் ஒன்றும் இருந்தன. காட்டுப்பாதையின் வாயில் சிவப்புப் பலகை நின்றது, மண்டையோடும் 'மிதிவெடி' என்ற எழுத்துமாய். அதைக் கழற்ற வருடங்கள் போயின. கழற்றிய பிறகும் எங்கள் பிள்ளைகள் பாதையை விட்டு ஓர் அடி இறங்கமாட்டார்கள். இறங்காமல் வளர்ந்தவர்களுக்கு வீரை எது, பாலை எது என்று எப்படித் தெரியும்? மரமணி சத்தமும் இல்லை. பட்டிகளெல்லாம் அந்தக் கடைசி மாதங்களில் கைவிடப்பட்டவை. கொஞ்சம் குழுமாடாகியிருக்கும், மிச்சத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறையாய்ச் சேனை செய்து, பிறகு அப்பு பேமிற் எடுத்து வைத்திருந்த மேட்டுக்காணியில் இப்போது ஒரு எல்லைக்கல் நிற்கிறது. அதில் வெள்ளைப் பெயின்ற், கறுப்பு எண். காடு வளர்ந்துவிட்டதாம், ஆகையால் காடாம். நாங்கள் இல்லாத வருடங்களில் வளர்ந்த மரங்கள் எங்களுக்கு எதிராய்ச் சாட்சி சொல்கின்றன. பேமிற் கடதாசியைக் கேட்டார்கள். அது அப்பு போன இடத்துக்கே போய்விட்டது. கல்லுக்கு அங்கால் போகக்கூடாது என்ற அதே காட்டுக்குள்ளிருந்து, இரவில் உழவு இயந்திரங்கள் முதிரைக் குற்றிகளோடு வெளியே வருகிற சத்தத்தைக் கிணற்றடியில் நின்று கேட்டேன். எங்கள் காட்டில் இரவில் கேட்கிற சத்தங்கள் எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஐயன் மரத்தைத் தேடிப் போனேன். அடிக்கட்டை இருந்தது, சுற்றிவர வெட்டின தடத்தோடு. குவியல் கிடந்த இடத்தில் மண் மட்டும் கொஞ்சம் கறுத்து, மெத்தென்று இருந்தது. பற்றையில் ஒரு குழையை முறித்தேன். போட்டேன். "போட்டு வாறன்" என்று சொல்ல வாய் வந்தது, உள்ளே போகத்தான் இடமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். நான் வந்ததையும், உள்ளே போகாததையும் அந்த இடாப்பில் பார்க்க இனி ஆளில்லை.

போன வைகாசியில் மருமகளின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கப்போன இடத்தில், ஒரு பெடியன் பொலித்தீன் பையில் பாலைப்பழம் விற்றுக்கொண்டு நின்றான். பக்கத்தில் கொப்புக் கொப்பாய் முறித்து அடுக்கியிருந்தது, இலைகூட வாடவில்லை. ஏன் தம்பி கொப்போடு முறித்தாய் என்று கேட்க நினைத்தேன். அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இரண்டு பை வாங்கினேன். சின்னவன் ஒரு கை, இரண்டு கை என்று தின்றான். பிறகு வாயைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தல் ஒன்று முடிய இன்னொன்று திறந்து, மாங்குளம் வரை உதட்டைக் கழுவிக்கொண்டே வந்தான்.

அடுத்த பாலைப்பழத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் வாகனத்தில் ஒரு சின்னப் போத்தல் தேங்காயெண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பால் தண்ணீரில் போகாது.